நொய்யலும் ரைனும்: நீர் மாசு குறித்து இரு நாட்டுப் பள்ளிகள் இணைந்து செய்யும் செயல்திட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிகளில் நீர் மாசு பற்றிய செயல்திட்டம் என்றால், தெர்மாகோலில் வெட்டிய ஓர் ஆறு, அதன் கரையில் புகைபோக்கியுடன் ஒரு தொழிற்சாலை, மேலே ஒரு பொன்மொழி என்ற அளவில் வேலை முடிந்துவிடுவது வழக்கம். அதையே வெளிநாட்டுப் பள்ளி ஒன்றுடன் சேர்ந்து செய்யும்போது காணொளி அழைப்பில் வணக்கம் சொல்லி, உடையையும் உணவையும் அறிமுகப்படுத்தி, உறுதிமொழி எடுத்துக்கொண்டு கலைந்துவிடுகிறார்கள். இரண்டிலும் எந்த மாணவரும் தண்ணீரின் அருகில் கூடப் போவதில்லை. இரண்டு ஊர் மாணவர்களும் ஒரே கேள்வியைக் கேட்டு, ஒரே முறையில் அளந்து, தங்கள் எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்று வாதிடும் செயல்திட்டத்தை எப்படித் திட்டமிடுவது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். எடுத்துக்காட்டாக நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள திருப்பூரில் ஒரு பள்ளியையும், ரைன் ஆற்றங்கரையில் உள்ள சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு பள்ளியையும் எடுத்துக்கொள்கிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இதற்கு ஏற்ற வயதினர். ஊர்கள் மாறினாலும் முறை மாறாது.

முதல் படி: இணையும் ஊரைத் தேர்ந்தெடுத்தல்

கூட்டாளிப் பள்ளியைத் தேடும்போது பெரும்பாலானோர் யார் பதில் போடுகிறார்களோ அவர்களோடு தொடங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பிறகு பொதுவாகப் பேச ஒன்றும் இருக்காது. இரண்டு ஊர்களையும் ஏதேனும் ஒரு பொருள் உண்மையாகவே இணைக்க வேண்டும். திருப்பூரையும் பாசலையும் இணைப்பது சாயம்.

பாசலின் இன்றைய மருந்து, வேதித் தொழில்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செயற்கைச் சாயத்திலிருந்து வளர்ந்தவை. பட்டு நாடா நெய்த நகரத்துக்குச் சாயம் தேவைப்பட்டது. 1859இல் அங்கே ஃபுக்சின் என்னும் சிவப்புச் சாயம் தயாரிக்கத் தொடங்கினார்கள். அதன் தயாரிப்பில் ஆர்சனிக் பயன்பட்டது. 1860களின் தொடக்கத்தில் ஒரு சாயத் தொழிற்சாலையின் கழிவு நிலத்தடி நீரில் இறங்கி, அக்கம்பக்கத்துக் கிணற்று நீரைக் குடித்தவர்கள் நோயுற்றார்கள். அரசு வேதியியலாளர் ஃபிரீட்ரிக் கோப்பெல்ஸ்ரோடர் கிணற்று நீரைச் சோதித்து ஆர்சனிக்கை உறுதிப்படுத்த, வழக்கு நடந்து தொழிற்சாலை உரிமையாளருக்குத் தண்டனை கிடைத்தது. சாயம், கிணறு, சோதனை, நீதிமன்றம் என்ற இந்த வரிசை திருப்பூர்க்காரர்களுக்குப் பழக்கமானதுதான்.

வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யலில், பனியன் தொழில் பெருகிய காலத்தில் சாயப்பட்டறைகளின் கழிவும் சலவைப்பட்டறைகளின் கழிவும் கலந்தன. பத்தாயிரம் ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலத்துக்குப் பாசனம் தருவதற்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. அணை கேட்ட விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. ஆயக்கட்டுதாரர்கள் (பாசன நிலம் உள்ள விவசாயிகள்) சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் கழிவே வெளியேறாத நிலையை எட்டும்படி உத்தரவிட்டது; 2009இல் உச்ச நீதிமன்றமும் அதே திசையில் தீர்ப்பளித்தது; உத்தரவு நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பிறகு சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கும் கலன்களும் கொண்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களோடுதான் தொழில் மீண்டும் நிலைகொண்டது.

இந்த இரு வரலாறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது, "அவர்கள் ஆறு சுத்தம், எங்கள் ஆறு சாக்கடை" என்ற எளிய முடிவு தானாகவே விலகிவிடும். பண்பாடு கடந்த செயல்திட்டங்களில் மிகப் பெரிய ஆபத்து அந்த முடிவுதான் என்பது என் கருத்து. பாசல் நகரத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் செயல்படத் தொடங்கியது 1982இல்தான். அதுவரை அவ்வளவு செல்வமான நகரம் தன் கழிவை ரைனில்தான் விட்டுக்கொண்டிருந்தது. 1986 நவம்பர் 1 அதிகாலையில், நகரத்தை ஒட்டிய ஷ்வைசர்ஹாலேயில் சாண்டோஸ் நிறுவனத்தின் கிடங்கு தீப்பிடித்தபோது, தீயணைக்கப் பயன்பட்ட நீர் பூச்சிக்கொல்லிகளையும் சிவப்புச் சாயத்தையும் அள்ளிக்கொண்டு ஆற்றில் இறங்கியது. ரைன் சிவந்தது, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் விலாங்கு மீன்கள் மடிந்தன. ரைனை மீட்கும் பெரும் முயற்சி அதன் பிறகு வந்தது. 1987இல் கரையோர நாடுகள் சேர்ந்து வகுத்த செயல்திட்டம், 2000ஆம் ஆண்டுக்குள் சால்மன் மீனைத் திரும்பக் கொண்டுவருவதை இலக்காக வைத்தது. இதைத் திருப்பூர் மாணவர்கள் அறிய வேண்டும்; நொய்யலின் வழக்கைப் பாசல் மாணவர்கள் அறிய வேண்டும். சுவிட்சர்லாந்து இலங்கைத் தமிழர்கள் பெருமளவில் வாழும் நாடு என்பதால், பாசல் வகுப்பில் தமிழ் பேசும் பிள்ளை ஒருவர் இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அவரையே மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்துவிடக் கூடாது. அவரும் ஒரு மாணவர்.

இரண்டாம் படி: ஒரே கேள்வியில் நிற்றல்

"நீர் மாசு" என்பது கேள்வி ஆகாது. சாக்கடை, நெகிழி, பூச்சிமருந்து, ஆகாயத்தாமரை என்று எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டால் நான்கு மாதத்தில் ஒன்றும் தேறாது. நான் பரிந்துரைக்கும் கேள்வி இது: "தொழிலிலிருந்து ஆற்றுக்குள் போன உப்பு எங்கே போகிறது, அதன் செலவை யார் சுமக்கிறார்கள்?"

சாயத்தை விட்டுவிட்டு உப்பை ஏன் பிடிக்க வேண்டும் என்பதை மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே விளக்கிவிட வேண்டும். பருத்தித் துணிக்கு, இழையோடு வேதிப் பிணைப்புக் கொள்ளும் ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, தண்ணீரில் பருத்தி இழையின் மேற்பரப்பும் சாய மூலக்கூறும் எதிர்மின் தன்மை கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. அந்த விலக்கத்தைக் குறைத்துச் சாயத்தை இழையின் பக்கம் தள்ளுவதற்காகத் தொட்டியில் நிறைய உப்பு, அதாவது சோடியம் குளோரைடு அல்லது சோடியம் சல்பேட், சேர்க்கிறார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடுகிறது. உப்பு தங்குவதில்லை, போட்டது அத்தனையும் கழிவு நீரோடு வெளியே வருகிறது. கழிவின் நிறத்தைச் சுண்ணாம்பும் படிகாரம் போன்ற பொருள்களும் ஓரளவு இறக்கிவிடும். கரைந்த உப்பை அவை ஒன்றும் செய்யா. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர் தென்னையை வாட வைப்பது இதனால்தான்.

பாசல் மாணவர்களுக்கும் இந்தக் கேள்வி அந்நியமானதன்று. பாசலுக்குக் கீழே, பிரான்சின் அல்சாஸ் பகுதியில் இருந்த பொட்டாஷ் (உர உப்பு) சுரங்கங்கள் பல்லாண்டுகள் தங்கள் உப்புக் கழிவை ரைனில் விட்டன. ஆற்றின் கடைசியில் இருக்கும் நெதர்லாந்தில் அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிய தோட்டக்காரர்கள் பயிர் கெட்டது என்று ராட்டர்டாம் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பாதிப்பு ஏற்பட்ட இடத்திலும் வழக்குத் தொடரலாம் என்று 1976 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. அடுத்த மாதமே ரைனில் குளோரைடைக் குறைப்பதற்கான உடன்படிக்கை பான் நகரில் கையெழுத்தாயிற்று. கரூர்ப் பக்கத்து ஆயக்கட்டு விவசாயியும் நெதர்லாந்துத் தோட்டக்காரரும் ஒரே வழக்கின் இரு வாதிகளைப் போல நிற்கிறார்கள். மாணவர்கள் இந்த இடத்துக்கு வந்துவிட்டால் பிறகு ஆசிரியர் தள்ள வேண்டியதில்லை.

மூன்றாம் படி: இரண்டு நாட்காட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தல்

தமிழ்நாட்டில் கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. பாசலில் ஆகஸ்ட் நடுவில். செப்டம்பரில் இங்கே காலாண்டுத் தேர்வு, அக்டோபர் தொடக்கத்தில் அங்கே இரு வாரம் இலையுதிர் விடுமுறை, பிறகு தீபாவளி, டிசம்பரில் இங்கே அரையாண்டும் அங்கே கிறிஸ்துமஸும், ஜனவரியில் பொங்கல், பிப்ரவரி-மார்ச்சில் பாசலின் ஃபாஸ்நாக்ட் திருவிழா விடுமுறை, மார்ச்சில் இங்கே ஆண்டுத் தேர்வுக்கான ஓட்டம். இவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் இரு பள்ளிகளும் ஒரே நேரத்தில் வேலை செய்யக்கூடிய சாளரங்கள் மூன்றே மிஞ்சும்: ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை, அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிய, ஜனவரி பின்பாதியிலிருந்து பிப்ரவரி நடு வரை. முதலாவதில் அறிமுகமும் கருவிப் பயிற்சியும், இரண்டாவதில் அளவீடும் பேட்டியும், மூன்றாவதில் ஒப்பீடும் அறிக்கையும் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆசிரியர்கள் இருவரும் தங்களுக்குள் பேசி முடிப்பது ஜூன், ஜூலையிலேயே நடந்துவிட வேண்டும்.

நேர வேறுபாடு கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி. திருப்பூரில் பிற்பகல் 2 மணி என்றால் பாசலில் முறையே காலை 10.30 அல்லது 9.30. இரண்டு பக்கமும் பள்ளி நேரத்துக்குள்ளேயே அமைவதால் நேரடி அமர்வை எளிதாக வைக்கலாம். அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அந்த வாரத்து அழைப்பைத் தவறவிடாத கூட்டுச் செயல்திட்டம் அரிது என்பதால் அதை இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடவும்.

ஆறுகளுக்கும் நாட்காட்டி உண்டு. நொய்யலில் தென்மேற்குப் பருவமழையின்போதும் வடகிழக்குப் பருவமழையின்போதும் தண்ணீர் ஓடும்; மற்ற மாதங்களில் பல இடங்களில் ஓடுவது ஊர்க் கழிவுதான். ரைன் பாசலில் கோடைத் தொடக்கத்தில் பனி உருகிப் பெருகும், குளிர்காலத்தில் இறங்கும். ஒரே தேதியில் அளப்பதாலேயே இரண்டு எண்களையும் ஒப்பிடலாம் என்று ஆகிவிடாது. அன்று ஆற்றில் நீர் மட்டம் எப்படி இருந்தது, முந்தைய மூன்று நாளில் மழை பெய்ததா என்பதும் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

நான்காம் படி: அனுமதிகள்

தலைமையாசிரியரின் எழுத்துபூர்வமான ஒப்புதல், அரசுப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம், ஒவ்வொரு பெற்றோரின் கையொப்பம் ஆகிய மூன்றும் இல்லாமல் ஆற்றங்கரைக்குப் போகக் கூடாது. சுற்றுச்சூழல் மன்றமோ தேசிய பசுமைப்படையோ பள்ளியில் இருந்தால் அதன் பெயரிலேயே திட்டத்தைப் பதிவு செய்வது நல்லது; ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் திட்டம் நிற்கும். மாணவர்களின் முகம் தெரியும் படங்களை வெளியிடுவதில் சுவிஸ் பள்ளிகள் மிகவும் கண்டிப்பாக இருக்கும். அதை அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்ளாமல், கைகளும் கருவிகளும் தண்ணீரும் மட்டும் தெரியும்படி படம் எடுப்பது என்று இரு பக்கமும் ஒரே விதியாக வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: கருவிகளையும் எண்களையும் ஒன்றாக்குதல்

முழுத் திட்டமும் நிற்பதும் விழுவதும் இந்தப் படியில்தான். ஆசிரியர்கள் அவசரமாகக் கடந்துபோவதும் இதைத்தான்.

உப்பை அளக்கப் பேனா வடிவ டி.டி.எஸ். (நீரில் கரைந்த திடப்பொருள்களின் மொத்த அளவு) மீட்டர் போதும். ஆர்.ஓ. இயந்திரம் பழுது பார்ப்பவர்கள் சட்டைப் பையில் வைத்திருப்பது அதைத்தான். ஆனால் அது உப்பை நேரடியாக அளப்பதில்லை. தண்ணீரின் மின்கடத்துத்திறனை, அதாவது அதில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, அதை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி டி.டி.எஸ். என்று காட்டுகிறது. அந்தப் பெருக்கெண் சில மீட்டர்களில் 0.5, சிலவற்றில் 0.7. மின்கடத்துத்திறன் 2000 மைக்ரோசீமன்ஸ் உள்ள ஒரே தண்ணீரைத் திருப்பூர் மீட்டர் 1000 என்றும் பாசல் மீட்டர் 1400 என்றும் காட்டக்கூடும். இதை அறியாத மாணவர்கள் இல்லாத வேறுபாட்டுக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே மின்கடத்துத்திறனையும் காட்டும் மீட்டரை வாங்கி, இரு பள்ளிகளும் அந்த எண்ணை மட்டுமே, ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோசீமன்ஸ் என்று பதிவு செய்ய வேண்டும். வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் மின்கடத்துத்திறன் ஏறத்தாழ 2 சதவீதம் ஏறும். ஐப்பசி மாதத்துப் பாசல் தண்ணீருக்கும் திருப்பூர்த் தண்ணீருக்கும் பதினைந்து பாகை வேறுபாடு இருக்கலாம் என்பதால், 25 பாகைக்குத் தானே திருத்திக் காட்டும் மீட்டராகப் பார்த்து வாங்குவது அவசியம்.

அளவுதிருத்தத்துக்கு 1413 மைக்ரோசீமன்ஸ் கொண்ட நியமக் கரைசல் சிறு பொட்டலங்களில் கிடைக்கும். மீட்டர் முனையை வடிநீரில் அலசி, உதறி, கரைசலில் முக்கி, எண் அசையாமல் நிற்கும் வரை காத்திருந்து, பிறகு சரிசெய்ய வேண்டும். பேட்டரிக்கு ஊற்றக் கடையில் விற்கும் வடிநீரை வாங்கினால், முதலில் அதையே மீட்டரில் பார்த்துவிடுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இல்லாவிட்டால் அதில் அலசிப் பயனில்லை.

இதன் பிறகு இரு வகுப்புகளும் ஒரே வாரத்தில் ஒரு பொதுச் சோதனை செய்ய வேண்டும். 10 கிராம் சமையல் உப்பை வடிநீரில் கரைத்துச் சரியாக 1 லிட்டர் ஆக்கி, அதில் 100 மில்லிலிட்டர் எடுத்து மீண்டும் 1 லிட்டராக நீர்க்கச் செய்தால், லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள கரைசல் கிடைக்கும். அதன் மின்கடத்துத்திறன் 25 பாகையில் ஏறத்தாழ 2000 வர வேண்டும். திருப்பூருக்கு 1980, பாசலுக்கு 2030 என்று வந்தால் இரு மீட்டர்களையும் நம்பலாம். ஒரு பக்கம் 1600 வந்தால் தராசு, அளவுகுடுவை, மீட்டர் மூன்றில் எது தவறு என்று அந்த வகுப்பே கண்டுபிடிக்கட்டும். கடல் தாண்டிப் பார்சல் அனுப்பாமல் இரண்டு ஆய்வகங்களை ஒப்பிட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

மின்கடத்துத்திறனோடு பி.எச். (அமில-காரத் தன்மை), வெப்பநிலை, நீரின் தெளிவு ஆகியவற்றையும் அளந்தால் போதும். நைட்ரேட், கரைந்த ஆக்சிஜன், கன உலோகம் என்று பட்டியலை நீட்டும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஒப்பிடுவதற்கு இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 சொல்லும் அளவுகள் உதவும்: கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாம், பி.எச். 6.5 முதல் 8.5 வரை. பாசலில் ரைனின் மின்கடத்துத்திறன் பெரும்பாலும் 300க்கும் 400க்கும் இடையில் இருக்கும்.

ஆறாம் படி: ஆற்றங்கரையில்

ஒவ்வொரு பக்கமும் மூன்று இடங்கள் போதும்: தொழிலுக்கு மேலே, தொழிலின் நடுவே, தொழிலுக்குக் கீழே. நொய்யலுக்குப் பேரூர்ப் படித்துறைப் பக்கம் ஒன்று, திருப்பூர் நகரத்தில் ஒரு பாலம், நகரத்தைத் தாண்டி ஒரத்துப்பாளையத்துக்கு முன் ஒரு பாலம். பேரூருக்கும் திருப்பூருக்கும் இடையில் கோயம்புத்தூர் நகரத்தின் கழிவும் ஆற்றில் சேர்கிறது என்பதை மாணவர்கள் வரைபடத்தில் குறித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எல்லாப் பழியும் சாயப்பட்டறையின் தலையில் விழும். ரைனின் நீரோட்டம் வலிமையானது. ஆகவே பாசல் பள்ளி, நகரத்துக்குள் ரைனில் சேரும் பிர்ஸ், வீசே என்ற சிற்றாறுகளில் அளப்பது பாதுகாப்பானது. ஜனவரியில் சாலைப் பனியை உருக்க உப்புத் தூவிய மறுநாள்களில் சிற்றாறுகளின் மின்கடத்துத்திறன் எப்படி மாறுகிறது என்பதை அவர்கள் பார்க்கலாம். சாண்டோஸ் கிடங்கு எரிந்த அதே ஷ்வைசர்ஹாலேயில்தான் 1837 முதல் உப்பாலை ஒன்றும் நடந்துவருகிறது. இப்படி அவர்கள் உப்பின் கதை அவர்கள் வாசலிலேயே கிடைத்துவிடும்.

ஒருவரும் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. கயிறு கட்டிய நெகிழி வாளியைப் பாலத்திலிருந்து இறக்கி எடுப்பதே முறை. முதல் வாளித் தண்ணீரால் வாளியை அலசிக் கொட்டிவிட்டு, இரண்டாவது வாளியில் அளக்க வேண்டும். கையுறை கட்டாயம். மூன்று மாணவர்கள் தனித்தனியே அளந்து, மூன்று எண்ணையும் அப்படியே எழுத வேண்டும். "சரியாக வரவில்லை" என்று ஒன்றை அடிப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் பெரியவர்கள் உடன் வர வேண்டும்.

திருப்பூர் மாணவர்களுக்கு ஆற்றைவிடக் கிணறு அதிகம் பேசும். வீட்டில் "நல்ல தண்ணி", "உப்புத் தண்ணி" என்று இரண்டு குடம் தனித்தனியே வைக்கும் ஊர் அது. ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டு அல்லது தோட்டத்துப் போர்த் தண்ணீரை ஒரு சுத்தமான புட்டியில் கொண்டுவந்து வகுப்பிலேயே அளந்து, ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பதோடு வரைபடத்தில் ஒட்டினால் முப்பது நாற்பது புள்ளிகள் கிடைத்துவிடும். பாறையின் தன்மையாலும் கிணற்று நீர் உப்பாகலாம் என்பதால், ஆற்றுக்கு வெகு தொலைவில் உள்ள கிணறுகள் சிலவும் இருக்க வேண்டும். பட்டறைகள் மூடியிருக்கும் தீபாவளி வாரத்துக்கு முன்னும் பின்னும் அதே பாலத்தில் அளப்பது இன்னொரு நல்ல சோதனை. வேறுபாடு தெரியாவிட்டால் அதுவும் ஒரு முடிவுதான்.

ஏழாம் படி: வடிதாளில் சாயம்

உப்பைத் தொடரும் திட்டத்தில் நிறத்துக்கு ஒரு நாள் ஒதுக்குவதில் தவறில்லை. பாசல் கிணற்றில் ஆர்சனிக்கைக் கண்ட கோப்பெல்ஸ்ரோடர், கலவைச் சாயங்களைத் தாள் கீற்றில் ஏறவிட்டுப் பிரித்துக் காணும் முறையிலும் பல்லாண்டுகள் உழைத்தவர். அதையே இரு வகுப்புகளும் செய்யலாம். வடிதாளைக் கீற்றாக வெட்டி, அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, புள்ளி நனையாதபடி கீற்றின் அடியை மட்டும் தண்ணீரில் தொடவிட்டால், பத்து நிமிடத்தில் கறுப்பு நீலமாகவும் ஊதாவாகவும் மஞ்சளாகவும் பிரியும். பிறகு தண்ணீருக்குப் பதில் உப்புக் கரைசலில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். உலர்ந்த கீற்றுகளை அஞ்சல் உறையில் வைத்து அனுப்பிக்கொள்வது, காணொளியைவிட மாணவர்களை நெருக்கமாக்கும். பட்டறையிலிருந்து கழிவை எடுத்துவந்து இதைச் செய்யக் கூடாது.

எட்டாம் படி: மூத்தவர்களைக் கேட்டல்

மீட்டர் இன்றைய தண்ணீரை மட்டுமே சொல்லும். பழைய ஆற்றைச் சொல்ல மனிதர்கள் வேண்டும். திருப்பூர்ப் பக்கம் மாணவர்கள் தங்கள் அப்புச்சி, அப்பத்தா, பட்டறையில் வேலை பார்த்த உறவினர், ஆற்றோரத் தோட்டக்காரர் ஆகியோரையும், பாசலில் 1986 நவம்பர் 1 காலையில் சங்கொலி கேட்டு வீட்டுக்குள் அடைந்திருந்தவர்களையும் கேட்கலாம். அந்தத் தலைமுறை இன்னும் நல்ல நினைவோடு இருக்கிறது.

கேள்விகள் குறுகியவையாகவும் கண்ணால் கண்டதைக் கேட்பவையாகவும் இருக்க வேண்டும். "மாசுபாடு பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் மேடைப் பேச்சு வரும். "அப்புச்சி, நீங்க ஆத்துல மீன் புடிச்சிருக்கீங்களா? கடைசியா எந்த வருசம்? அப்புறம் ஏன் போகல?" என்று கேட்டால் வரலாறு வரும். பேச்சை அப்படியே வட்டார வழக்கில் எழுதிவிட்டு, மொழிபெயர்ப்பைத் தனியாக வைக்க வேண்டும். இரு பக்கத்துக்கும் பொதுவான ஆங்கிலம் இருவருக்குமே பள்ளியில் கற்ற மொழி என்பதால் வாக்கியங்கள் எளிமையாக இருப்பதே நல்லது.

நுட்பமான ஒரு விஷயம் உண்டு. திருப்பூர் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டுச் சோறு பனியன் கம்பெனியிலிருந்தோ சாயப்பட்டறையிலிருந்தோ வரக்கூடும். பாசல் வகுப்பில் அதே அளவுக்கு மருந்து, வேதி நிறுவனங்களிலிருந்து வரலாம். பட்டறை மூடப்பட்டபோது வேலை இழந்த அப்பாவின் மகளும், கிணறு கெட்டுப்போன விவசாயியின் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே, இன்று இயங்கும் எந்த நிறுவனத்தையும் மாணவர்கள் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவதில்லை என்ற விதியை இரு வகுப்புகளும் தொடக்கத்திலேயே ஏற்க வேண்டும். நீதிமன்றத்திலும் வரலாற்றிலும் பதிவானதைச் சொல்லலாம். பள்ளி மீட்டரைக் கொண்டு குற்றவாளியைத் தீர்மானிக்க முடியாது.

ஒன்பதாம் படி: சேர்ந்து பேசும் அமர்வுகள்

நேரடி அமர்வு மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் 40 நிமிடம். முதல் அமர்வில் உப்புக் கரைசல் சோதனையின் முடிவுகளை ஒப்பிடுங்கள்; முதல் அறிமுகமே ஒரு வேலையாக இருந்தால் கூச்சம் சீக்கிரம் போகும். இரண்டாவதில் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்: பாசல் எண்களைத் திருப்பூர் மாணவர்கள் விளக்க வேண்டும், திருப்பூர் எண்களைப் பாசல் மாணவர்கள். பிறர் ஊரைப் பற்றித் தவறாக ஊகித்து, அங்குள்ளவர் திருத்தும்போதுதான் உண்மையான கேள்விகள் பிறக்கின்றன. "மழை பெய்த பிறகு ஏன் உங்கள் கிணற்றில் உப்புக் குறையவில்லை?" என்று பாசலிலிருந்து ஒருவர் கேட்டால், அதற்கு விடை தேட ஒரு வாரம் போகும், போகட்டும்.

மூன்றாவது அமர்வு ஒரு போலி விசாரணை. திருப்பூர் மாணவர்கள் அல்சாஸ் சுரங்கத்துக்காகவும் நெதர்லாந்துத் தோட்டக்காரருக்காகவும் வாதிடட்டும். பாசல் மாணவர்கள் சாயப்பட்டறைக்காகவும் ஆயக்கட்டுதாரருக்காகவும் வாதிடட்டும். ஐரோப்பியக் கடைகளில் விற்கும் பின்னலாடைகளை வாங்குபவரையும் மூன்றாம் தரப்பாக அழைக்கலாம். அதற்கு முன் பாசல் மாணவர்கள் தங்கள் அலமாரியில் உள்ள பருத்திச் சட்டைகளின் உள்பட்டையைப் பார்த்து, எந்த நாட்டில் தைத்தது என்று எண்ணிக்கொண்டு வர வேண்டும்.

இணைப்பு அறுந்துவிடும் நாள் நிச்சயம் வரும். ஒவ்வொரு அமர்வுக்கும் முன்பே இரு பக்கமும் ஐந்து நிமிடக் குரல்பதிவு ஒன்றை அனுப்பி வைத்திருந்தால் அன்றைய வகுப்பு வீணாகாது.

பத்தாம் படி: முடிவுகளை யாரிடம் கொடுப்பது

இறுதிப் படைப்பாக இரண்டு நதிகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக வரையப்பட்ட நீளமான வரைபடம் ஒன்று போதும். அதில் அளவீட்டு இடங்கள், மூன்று மூன்று எண்கள், ஆண்டுகள், மூத்தவர்களின் ஓரிரு வரிகள் ஆகியவை இருக்க வேண்டும். தமிழிலும் ஜெர்மனிலும் எழுதி, இரண்டு பள்ளிகளும் ஒரே பிரதியை மாட்டலாம். மதிப்பெண் கொடுக்கும்போது ஓவிய அழகுக்குக் குறைவாகவும், பதிவேட்டில் உள்ள தேதி, நேரம், மழைக் குறிப்பு, அடிக்கப்படாத எண்கள் ஆகியவற்றுக்கு அதிகமாகவும் கொடுங்கள்.

கிணற்று நீர் முடிவுகளை மாணவர் பெயரோடு வெளியிடக் கூடாது. போர்த் தண்ணீர் உப்பு என்று தெரிந்தால் நிலத்தின் விலையிலிருந்து வரன் பேசுவது வரை எல்லாம் அதில் சிக்கும். ஏதேனும் ஒரு வீட்டின் குடிநீரில் எண் மிக அதிகமாக இருந்தால், ஆசிரியர் அந்த வீட்டாரிடம் நேரில் சொல்லி, அரசு நீர் ஆய்வகத்தில் முறையாகச் சோதிக்க வழிகாட்ட வேண்டும். ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ வரைபடத்தைக் கொடுப்பதானால், "இந்த மீட்டர், இந்த முறை, இந்த நாள்களில் அளந்தது" என்ற ஒரு பக்கக் குறிப்பை இணைத்துக் கொடுங்கள். அடுத்த ஆண்டு வரும் எட்டாம் வகுப்பு அதே மூன்று பாலங்களில் அதே வாரங்களில் அளப்பதற்கு அந்தக் குறிப்பும், அலசி உலர்த்தி மூடி போட்டு வைத்த மீட்டர்களும், பதிவேட்டின் மூலப் பிரதியும் ஆய்வக அலமாரியில் ஒரே பெட்டியில் இருக்கட்டும்.